கரிசல் நிலத்துக் கருவேல்

நிலத்திற்கேற்ற மரமும், மரத்திற்கேற்ற தொழிலும், தொழிலுக்கேற்ற வாழ்வும் அமைதல் உலகியற்கை. ஆற்றுப் படுகைக்குத் தென்னையும் மூங்கிலும், மலைச்சாரலுக்குத் தேக்கும் ஈட்டியும், மணற்பாங்கான தேரிக்குப் பனையும் எவ்வாறு உரியனவோ, அவ்வாறே கரிசல் நிலத்திற்கு உரிய மரம் கருவேல் ஆகும். அம்மரத்தின் சிறப்பையும், அஃது இந்நாளில் எய்தியுள்ள நிலையையும், அதன்பால் மக்கள் ஆற்றவேண்டிய கடமையையும் ஆராய்தல் பயனுடையதாகும்.

விருதுநகர் மாவட்டத்துப் பேரூர்களுள் மல்லாங்கிணறு ஒன்று. அவ்வூரும், அதனை அடுத்த அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிகளும் வானம் பார்த்த பூமியாகும். 1985-ஆம் ஆண்டுவரை இவையெல்லாம் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சார்ந்திருந்தன. வற்றாத ஆறு ஒன்றேனும் ஈண்டு இல்லை. சுந்தரர் பாடல் பெற்ற திருச்சுழியின் அருகே செல்லும் குண்டாறும் மழைக்காலத்தில் மட்டுமே நீர் காணும் இயல்பினது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பெய்து ஓய்ந்துவிடும். அவ்வாறு பெய்யும் நீரைத் தேக்கிவைத்து ஆண்டைக் கழிப்பதற்காகவே முன்னோர் ஊர்தோறும் கண்மாய் வெட்டினர், குடிநீருக்கு ஊருணி கண்டனர், கிணறு தோண்டினர். ஊரின் பெயரிலேயே கிணறு நிற்பதை நோக்கின், இந்நிலத்து மக்கள் நீரை எத்துணைப் பெரிதாக மதித்தனர் என்பது விளங்கும்.

கரிசல் மண் விந்தையானது. மழை பெய்யின் குழைந்து காலைப் பற்றும். வெயில் காயின் பாளம் பாளமாக வெடிக்கும். மழைக்காலத்தில் வேர் அழுகும். கோடையில் வேர் அறும். இவ்விரு துன்பத்தையும் தாங்கி நிற்கவல்ல மரங்கள் சிலவே. அவற்றுள் தலைமையானது கருவேல். கண்மாயில் நீர் நிறைந்து, அடிமரம் திங்கட்கணக்கில் மூழ்கி நிற்பினும் அது வாடுவதில்லை. கண்மாய் வறண்டு தரை பிளந்து கிடப்பினும் அது பட்டுப்போவதில்லை.

வேல் என்னும் பொதுப்பெயரால் தமிழர் வழங்கிய மரங்கள் பல. பட்டை கறுத்திருப்பது கருவேல், வெளிறியிருப்பது வெள்வேல், கிளைகள் குடைபோல் விரிந்திருப்பது குடைவேல். குடைவேலை உடைமரம் என்றும் தென்பாண்டி நாட்டார் கூறுவர். சென்னைக்கு அண்மையிலுள்ள திருவேற்காடு வெள்வேலைத் தலமரமாகக் கொண்டது. கூரிய முள்ளையுடைய மரத்திற்கும், கூரிய முனையையுடைய படைக்கலத்திற்கும் வேல் என்னும் ஒரே பெயர் வழங்குவது சொல்லின்பம் நாடுவார்க்கு உவகை தருவதாகும்.

கருவேலின் தோற்றம் எளியது. கறுத்து வெடித்த பட்டையும், சிறு சிறு இலைகள் அடர்ந்த கிளைகளும், இரண்டிரண்டாக நீண்ட வெண்ணிற முட்களும் அதன் அடையாளங்கள். பூக்கள் பொன்னிறமான சிறு பந்துகளைப் போன்றவை, மெல்லிய மணமுடையவை. காயோ, மணிகளைக் கோத்து இடையிடையே முடிச்சிட்ட கோவைபோல விதைக்கு விதை இடுக்கி அமைந்திருக்கும். இம்மரம் தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. வட இந்தியாவிலும், அரபு நாட்டிலும், ஆப்பிரிக்காவிலும் இயற்கையாக வளர்வது. 1753-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு இதற்கு நூற்பெயர் இட்டபோது நைல் ஆற்றின் பெயரையே சேர்த்து இட்டார். பண்டை எகிப்தியர் வேலமரப் பலகைகளைச் செங்கல் அடுக்குவதுபோல் அடுக்கி ஆற்றுப்படகுகள் செய்த முறையைக் கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டசு விரித்துரைத்துள்ளார். நைல் ஆற்றில் படகாயிற்று. கரிசல் நிலத்தில் வண்டியாயிற்று. மரத்தின் வலிமை ஒன்றே; நிலத்தின் தேவையே வேறு.

கருவேலின் வைரம் செந்நிறங்கலந்த கருமையுடையது. நன்கு உலர்ந்த தேக்கு ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 650 கிலோ எடையிருக்க, கருவேலோ ஏறத்தாழ 800 கிலோ எடையுடையது. தேக்கு அழகுக்கும் நீண்ட பலகைக்கும் உரியது. மாளிகையின் கதவாகவும் கட்டிலாகவும் அமைவது. கருவேல் பெரும்பாலும் நெடிது நேராக வளராது. ஆதலின் மாளிகைக்குப் பயன்படுவது அரிது. ஆனால் அடியும் உராய்வும் அதிர்ச்சியும் தாங்கவேண்டிய இடங்களிலெல்லாம் உழவன் தேடியது கருவேலையே.

மாட்டுவண்டியின் சக்கரத்தை எண்ணிப் பார்க்க. நடுவில் உள்ள குடம் அச்சின் உராய்வைத் தாங்க வேண்டும். ஆரக்கால்கள் பாரத்தைப் பகிர்ந்து ஏற்க வேண்டும். வட்டை கல்லிலும் பள்ளத்திலும் மோதிப் பிளவாதிருக்க வேண்டும். இம்மூன்றற்கும் கருவேல் ஏற்றது. வெட்டிய மரத்தைத் தச்சர் உடனே அறுத்துவிடுவதில்லை. கண்மாய் நீரிலோ சேற்றிலோ சில திங்கள் ஊறவிட்டு, பின்னர் நிழலில் உலர்த்தியே உளியெடுப்பர். அவ்வாறு பதப்படுத்திய மரம் வெடிப்பதில்லை. பூச்சியும் எளிதில் அரிப்பதில்லை. வேகத்தை விரும்பாது பதத்தை விரும்பிய அத்தொழிலறிவு எண்ணுந்தோறும் வியப்பூட்டுவதாகும். கலப்பை, மேழி, நுகத்தடி, மண்வெட்டிக் கணை, கோடரிக் காம்பு, உலக்கை, முளைக்குச்சி ஆகிய பலவும் கருவேலால் ஆயின. உழவன் காலையில் கைப்பற்றும் மேழி முதல், மாலையில் மாடு கட்டும் முளைவரை அவனுடைய நாள் முழுவதும் இம்மரத்தோடு ஒன்றியிருந்தது.

மரம் மட்டுமன்று; அதன் உறுப்பு ஒவ்வொன்றும் பயன்படுவது. ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் பல்லுக்கு உறுதியென்று பெரியோர் சேர்த்தே சொல்லிவைத்தனர். பட்டையில் துவர்ப்பு மிகுதி. வடநாட்டில் தோல் பதனிடுவதற்கு இப்பட்டையே பெரிதும் பயன்பட்டது. தமிழகத்தில் ஆவாரம்பட்டையோடு இதுவும் அத்தொழிலுக்கு உதவியது. அடிமரத்தில் கசியும் பிசின் மருந்துக்கு ஆகும். வைரமேறிய விறகு நின்று எரியும், கரியும் தரமானது. கோடையில் புல் கருகிய காலத்தில் கருவேலங்காயே ஆடுகளுக்கு உணவாகும். இடையர் நீண்ட தொரட்டியால் கிளையை உலுக்க, கீழே சிதறும் காய்களுக்கு ஆடுகள் ஓடிவரும் காட்சி கரிசல் நாட்டுக்கு உரியது. ஆடு தின்ற காயின் விதை, அதன் வயிற்றில் மேற்றோல் நெகிழ்ந்து வெளிப்பட்டு எளிதில் முளைக்கும். எனவே, மரம் ஆட்டை வளர்க்க, ஆடு மரத்தை வளர்த்தது எனலாம்.

இன்னும் ஒரு நன்மை கண்ணுக்குப் புலப்படாதது. அவரை, துவரை ஆகியவற்றைப்போலக் கருவேலும் தன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள நைட்ரசனை மண்ணில் சேர்க்கும் இயல்புடையது. சத்தீசுகர் மாநிலத்து உழவர் நெல்வயல்களின் ஊடேயே இம்மரத்தை வளர்த்து, நெல்லும் விறகும் ஒருங்கே பெறுகின்றனர்.

பறவைகளும் இம்மரத்தால் வாழ்கின்றன. இராமநாதபுரம் மாவட்டத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் ஆகிய ஊர்களின் கண்மாய்கள் பறவைகள் காப்பிடங்களாக விளங்குகின்றன. நீரின் நடுவே நிற்கும் வேலமரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. சுற்றிலும் நீர், கிளையெல்லாம் முள். இதனினும் சிறந்த கோட்டை பறவைக்கு வேறு யாது? இவ்விரு கண்மாய்களும் உலகப் புகழ்பெற்ற ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன.

இத்துணைப் பயனுடைய மரம் இன்று எங்கே? மல்லாங்கிணற்றிலிருந்து எத்திசையில் செல்லினும் கண்ணுக்குப் படுவது கருவேலன்று. அதன் பெயரைத் தாங்கிய சீமைக் கருவேலே. தரிசிலும், சாலையோரத்திலும், கண்மாயிலும், ஓடையிலும் அதுவே புதர்புதராக மண்டிக் கிடக்கிறது. அயல்நாட்டுப் பொருளுக்கெல்லாம் சீமை என்னும் அடைமொழி சேர்ப்பது தமிழ்மக்கள் வழக்கம். அவ்வழக்கின்படி மெக்சிக்கோ முதலிய அமெரிக்க நாடுகளினின்றும் வந்த இம்மரம் சீமைக் கருவேல் எனப்பட்டது. 1877-ஆம் ஆண்டில் அந்நாளைய சென்னை மாகாணத்துக் கடப்பைப் பகுதியில் இதன் விதையை வரவழைத்து ஊன்றினர். பின்னர், வறண்ட மாவட்டங்களின் விறகுப் பஞ்சத்தை நீக்கவும், வயலுக்கு வேலியாகவும் இதனைப் பரப்பினர். வேலிக்கருவேல் என்னும் பெயரும் அதனால் வந்ததே. வேலியே பயிரை மேய்ந்தாற்போல, காவலுக்கு வந்த மரம் நிலத்தையே கவர்ந்துகொண்டது. ஒண்டவந்த பிடாரி ஊர்ப்பிடாரியை ஓட்டிய கதையும் இதுவே.

கருவேல் அருகியதற்கு இம்மரம் மட்டுமே காரணமன்று. உழவுப்பொறி வந்தபின் மரக்கலப்பை பரணில் ஏறியது. உருளைப்பட்டைக்கு மாறாக இரப்பர்ச் சக்கரம் பூட்டிய வண்டி வந்தது. பின்னர் வண்டியே மறைந்தது. சக்கரம் செய்த தச்சர் வேறு தொழிலுக்குச் சென்றனர். தேவை குறைந்தவுடன், நின்ற மரத்தை வெட்டியவர்கள் புதிய கன்றை ஊன்றவில்லை. காலியான இடத்தைச் சீமைக் கருவேல் நிரப்பியது. வீட்டை விட்டு நீங்கியவன், பின்னர்க் குடியேறியவனை மட்டும் குறைகூறுதல் முறையாகாது.

சீமைக் கருவேலின்மேல் இன்று கூறப்படும் குற்றங்கள் பல. அவற்றுள் உண்மையும் உண்டு; பொய்யும் உண்டு. இரண்டையும் பகுத்துணர்தல் கற்றோர் கடன். அம்மரம் காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சி மழையைத் தடுக்கும் என்றும், அதன் நிழலில் கட்டிய மாடு மலடாகும் என்றும் பலர் பேசுவர். இவற்றிற்குத் தக்க சான்று இல்லை. ஆயின், அதன் வேர் மிக ஆழ்ந்து செல்வது உண்மை. அமெரிக்காவின் அரிசோனாப் பகுதியில் தோண்டிய சுரங்கம் ஒன்றில் இவ்வினத்து மரத்தின் வேர் 53 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டது. அடர்ந்து வளர்ந்து, தன்கீழ்ப் புல்லையும் பிற செடிகளையும் வளரவொட்டாது தடுப்பதும் உண்மை. வரத்துக்கால்களை அடைத்து, மழைநீர் கண்மாய்க்குச் செல்லாதவாறு மறிப்பதும் உண்மை. உண்மைக் குற்றங்களே இத்துணை இருக்க, இல்லாத குற்றங்களைப் புனைந்து சேர்ப்பது வழக்கை வலுவிழக்கச் செய்யுமேயன்றி வலுப்படுத்தாது.

மேலும், அம்மரத்தால் மக்கள் பெற்ற உதவியை மறத்தல் நன்றியன்று. மழை பொய்த்துப் பயிர் கருகிய ஆண்டுகளில், நிலமில்லாத ஏழைகள் அதனை வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்று உயிர் வாழ்ந்தனர். விருதுநகர், இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் கரிமூட்டம் இன்றும் பல குடும்பங்களுக்குப் பிழைப்பாக உள்ளது. அடுப்பெரிக்க வேறு வழியில்லாத வீடுகளில் சோறு வெந்தது இவ்விறகாலேயே. ஆகவே, இம்மரத்தை வேரோடு களைக என்று எளிதாகக் கூறுவோர், அதனால் உண்போர்க்கு மாற்று யாது என்பதையும் உடன்கூறக் கடமைப்பட்டவராவர்.

ஈண்டு மற்றோர் உண்மை நோக்கற்பாலது. நம் நாட்டில் நலம் பயக்கும் கருவேல், வேற்று நாட்டில் கொடியதாகக் கருதப்படுகிறது. 1890-ஆம் ஆண்டுகளில் இந்தியாவினின்றும் ஆத்திரேலியாவின் குவின்சுலாந்துப் பகுதிக்கு இம்மரத்தைக் கொண்டுசென்றனர். நிழலும் தீவனமும் தரும் என்று 1926-ஆம் ஆண்டில் அந்நாட்டு வேளாண் துறையே இதனைப் பரிந்துரைத்தது. அதுவோ அங்கே கட்டுக்கடங்காது பெருகியது. 1957-ஆம் ஆண்டில் தீங்குடைய செடியென அறிவித்தனர். இன்று அது 60 இலட்சம் எக்டேருக்கும் மேற்பட்ட புல்வெளியில் பரவி, ஆடுமாடுகளுக்குரிய புல்லை அழித்து வருகிறது. நாம் சீமைக் கருவேலை வெறுப்பதுபோல் அவர்கள் நம் கருவேலை வெறுக்கின்றனர். மற்றொருபுறம், நாம் வெறுக்கும் சீமைக் கருவேலின் இனத்து மரங்களோ, தம் தாய்நாடாகிய அமெரிக்காவின் பாலைநிலங்களில் பழங்குடி மக்களுக்கு இனிய காய் தந்து, மாவாக்கி உண்ண உதவி, நண்பராய் விளங்கின.

இதனால் பெறப்படுவது யாது? பிறப்பினால் தீய மரம் என்று ஒன்று இல்லை. இடம் மாறியதனாலேயே நன்மை தீமையாயிற்று. திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வகுத்தார். அவை அரசர்க்கு மட்டும் உரியனவல்ல. மரம் நடுவோர்க்கும் உரியன. கடப்பையில் விதையூன்றியவர் மரத்தின் வலியை அறிந்தார், இடத்தை அறிந்திலர். குவின்சுலாந்தில் ஊன்றியவரும் அவ்வாறே. இரு நாட்டிலும் நோக்கம் நல்லதே. நல்ல நோக்கம் மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்பதற்கு இவ்விரு மரங்களின் கதையினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

இனிச் செய்யத்தக்கது யாது என்பதை நோக்குவோம். 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தென்மாவட்டங்களில் சீமைக் கருவேலை விரைந்து அகற்றுமாறு ஆணையிட்டது. ஊர்தோறும் பொறிகள் முழங்கின. முறையான ஆய்வு வேண்டுமென்று தொடுத்த வழக்கினால் அவ்வாண்டிலேயே அப்பணி சிலகாலம் நிறுத்தப்பட்டது. 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு அயல்நாட்டுப் படரினங்களை அகற்றி, நாட்டு இனங்களை மீட்பதற்கெனத் தனிக்கொள்கை ஒன்றை வெளியிட்டது. அகற்றுதலோடு மீட்டலையும் சேர்த்துக் கூறியதே அக்கொள்கையின் சிறப்பு. ஏனெனின், வெறுமனே வெட்டிய இடத்தில் சீமைக் கருவேல் அடிக்கட்டையினின்றும் மீண்டும் தழைக்கும். வேரோடு பறித்த இடத்திலும், மண்ணில் கிடக்கும் விதை அடுத்த மழைக்கே முளைக்கும். வெற்றிடம் என்பது இயற்கையில் நிலைப்பதில்லை. நாம் நட்டாலன்றி அதுவே நட்டுக்கொள்ளும்.

ஆதலின், ஒரே நாளில் அனைத்தையும் அழிக்க முனைவதைக் காட்டிலும், ஆண்டுக்கு ஒரு பகுதியாகக் களைந்து, களைந்த இடத்தில் அவ்வாண்டு மழைக்கே கருவேலும் பிற நாட்டு மரங்களும் நடுவதே அறிவுடைமை. கண்மாயின் உள்வாயில் நீர் ஏறி இறங்கும் ஓரங்களில் கருவேலும், ஊர்ப்புறத்தில் வேம்பும் புளியும் பூவரசும், மேட்டுத் தரிசில் குடைவேலும் ஏற்றவை. களையும் பணியையும், கரிசுடும் உரிமையையும், புதுக்கன்றைப் பேணும் கூலியையும் இன்று கரிமூட்டத்தால் வாழ்வோர்க்கே அளித்தல் வேண்டும். மரத்தின் பகைவர் என அவர்களை எண்ணாது, மாற்றத்தின் துணைவராக்கினால் பணி நிலைக்கும்.

கருவேலை நடுவதிலும் அளவு வேண்டும். கண்மாய் முழுவதையும் காடாக்கினால் நீர் நிற்க இடமிராது, வண்டல் தேங்கும். கரையின் மேலும், மடையின் அருகும், கலிங்கின் முன்னும் எம்மரமும் ஆகாது. வேர் சென்ற வழியே நீரும் செல்லும். வரத்துக்காலில் ஒரு கன்றும் நிற்றலாகாது. நல்ல மரம் என்பதற்காக எங்கும் நட்டுவிடுதல், கடப்பையிலும் குவின்சுலாந்திலும் செய்த பிழையையே மீண்டும் செய்வதாகும்.

கருவேல் வளரக் காலம் மிகும். அதுவரை காத்திருப்பவர் யார் என்று சிலர் வினவலாம். கலப்பையும் வண்டியும் மறைந்தபின் இம்மரத்தால் பயன் என் என்றும் கேட்கலாம். மண்வெட்டிக்குக் கணை இன்றும் வேண்டும். ஆட்டுக்குக் காய் இன்றும் வேண்டும். மண்ணுக்கு உரமும், மாட்டுக்கு நிழலும், நாரைக்குக் கூடும் என்றும் வேண்டும். காலத்தைப் பற்றிய வினாவிற்கோ விடை கண்மாயிலேயே உள்ளது. கண்மாயை வெட்டியவர் தம் வாழ்நாளுக்கு மட்டும் வெட்டினாரல்லர். அன்று மண் சுமந்தவர் பெயர் இன்று ஒருவர்க்கும் தெரியாது. அவர் தேக்கிய நீரை மட்டும் இன்றுவரை ஊர் உண்கிறது.

பள்ளி மாணவர் ஒருவர் கோடையில் ஆட்டுக்கிடையில் கிடக்கும் கருவேல விதைகளைத் திரட்டிவைத்து, ஐப்பசி மழைக்குக் கண்மாயோரத்தில் ஊன்றலாம். அதற்குப் பெரும்பொருளோ பெரும்பொறியோ வேண்டுவதில்லை. ஊன்றுமுன், இஃது இவ்விடத்திற்கு உரிய மரந்தானா என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தல் மட்டும் வேண்டும். அவ்வாறு எண்ணி ஊன்றும் கை பெருகுமாயின், கரிசல் நிலத்துக் கண்மாய்களில் கருவேல் மீண்டும் பூக்கும். அதன் பொன்னிறப் பூக்கள் நீரில் உதிரும். நாரைகள் வந்து தங்கும்.